இருபத்தொரு அரிசி

டிஷ்யூ காய்ந்தே இருந்தது. அரிசியைத்தான் காணோம்.

முனீஸ்வரன் கேமராவை வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்த்துத் தட்டினான். தண்ணீரில் அமிழ்வதற்காகப் போட்ட கூழாங்கல் உள்ளங்கையில் விழுந்தது. மடித்து வைத்த டிஷ்யூ விழுந்தது. ஒரு சிட்டிகை வறுத்த அரிசியும் போட்டிருந்தானே, அதில் ஒரு மணிகூட விழவில்லை. கூட்டை அழுத்தி மூடிப் பூட்டியது அவன் கைதான். அடுக்களைச் சுவரோரம் நிற்கும் நீலத் தண்ணீர் டிரம்முக்குள், அடியில், ஒரு மணி நேரம் கிடந்தது. தண்ணீரே நுழையாத இடத்தில் எலி நுழையுமா, எறும்பு நுழையுமா?

"போட மறந்திருப்பேன்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். கேட்க ஆள் இல்லை. மனைவி சித்ரா தேயிலை ஃபேக்டரிக்குப் போயிருந்தாள், திரும்ப ஆறு மணி ஆகும். மத்தியானம் மூன்றுக்கெல்லாம் மூடுபனி இறங்கி எதிர் லயத்து வரிசை வீடுகளை மறைத்துவிட்டது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. மத்தியானச் சோற்றில் கல் கிடந்ததோ என்னவோ, பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது. துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கூடும் கேமராவும் கொல்லங்கோட்டிலிருந்து காலை பஸ்ஸில் பார்சலாக வந்தவை. அங்கே பழைய கேமரா விற்கும் ஷஹீரிடம் போனில் எட்டாயிரத்துக்குமேல் முடியாது என்று சொன்னதும், மனுஷன் சளைக்காமல் விளக்கினான். "ஏனுங்க, அந்தக் காசுக்குப் புதுசெல்லாம் நெனைக்காதீங்க. பழைய கேமரா ஒண்ணு, நாப்பது மீட்டர் தாங்குற கூடு ஒண்ணு, மிச்சம் பூராவும் லைட்டுல போடுங்க. கலங்குன தண்ணியில லைட்டுதானுங்க கண்ணு. அதையும் கேமராவுக்குப் பக்கத்துலயே வெச்சுப்போடாதீங்க, தூசிதான் வெள்ளை வெள்ளையாத் தெரியும். ஒரு மொழம் தள்ளிக் கம்பியில கட்டுங்க. செவப்பு ஃபில்டர்னு ஒண்ணு விப்பாங்க, அது கடலுக்குங்க. உங்க டேமுக்கு எதுக்கு?"

கடைசியாக இதையும் சொன்னான்: "மொதல்ல கேமரா இல்லாம வெறுங்கூட்டத் தண்ணியில போட்டுப் பாருங்க. டிஷ்யூ நனையலீன்னா தைரியமா எறங்கலாம். உள்ளுக்குள்ள ஆவி படியாம இருக்க ஒரு பொட்டலம் போடோணும். அது கெடைக்கலீன்னா நாலு அரிசிய வறுத்துப் போட்டுக்குங்க."

மூன்று மாதமாக முனீஸ்வரன் தண்ணீரில் இறங்கவில்லை. அவனும் பிச்சைமணியும் டேமில் போட்டிங் வேலை பார்த்தவர்கள், கோவளத்துக்குப் போய் ஒன்றாக ஸ்கூபா படித்தவர்கள். ஏப்ரலில் சுற்றுலா வந்தவன் ஒருவன் படகிலிருந்து விழ, தேடி இறங்கினார்கள். அந்தச் சேற்றுத் தண்ணீரில் தன் கை தனக்கே தெரியாது. அதனால் இருவர் மணிக்கட்டையும் ஆறடிக் கயிற்றால் இணைத்துக்கொள்வார்கள், இரண்டு நுனியிலும் இரும்புக் கொக்கி. ஒரு இழுப்பு என்றால், நல்லாருக்கியா? பதிலுக்கு ஒரு இழுப்பு. விடாமல் இழுத்தால், சிக்கிக்கிட்டேன், வா.

அன்றைக்குப் பிச்சைமணி விடாமல் இழுத்தான். முங்கிப்போன பழைய மரத்தின் வேரோ, எவனோ விட்டுப்போன வலையோ, ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். முனீஸ்வரன் தன் மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்றிவிட்டு மேலே வந்தான்.

"கயிறு அறுந்துபோச்சு" என்றான் கரையில்.

சுற்றுலாக்காரன் மூன்றாம் நாள் தானாக மிதந்தான். பிச்சைமணி மிதக்கவில்லை. எட்டு நாள் தேடிவிட்டு மீட்புப் படையெல்லாம் திரும்பிப் போயிற்று. இப்போது முனீஸ்வரன் கேமரா வாங்கித் தானே இறங்கப்போகிறான் என்றதும், சிநேகிதன் என்றால் இவனல்லவா என்று லயமே மெச்சுகிறது. அவனுக்கல்லவா தெரியும் சங்கதி! பிச்சைமணியின் கையில் அந்தக் கயிறு ஆறடியும் முழுசாக, கொக்கியோடு கிடக்கிறது. வேறு எவனாவது பிணத்தை முதலில் எடுத்தால் அவ்வளவுதான். தான் முதலில் போகவேண்டும். கயிற்றை அறுத்துவிட்டுத்தான் மேலே கொண்டுவர வேண்டும். கேமராவோடு ஒரு கத்தியும் வாங்கியிருந்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இவனுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

"ஏய்யா முனீசு, கேமரா வந்துருச்சாமே?"

திடுக்கிட்டுத் திரும்பினான். மாரித்தாய். பிச்சைமணியின் அம்மா, ரெண்டு வீடு தள்ளி இருப்பவள். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"வாய்க்கரிசிய்யா. மூணு மாசமா முடிஞ்சு வச்சிருக்கேன். எனக்கு அவன் போட வேண்டியது, அவனுக்கு நான் வச்சிக்கிட்டுத் திரியுதேன். ஒரு வாய் போடாட்டி எம்பிள்ளைக்குப் பசி அடங்குமாய்யா? கண்டுபிடிச்சுருவேல்ல?"

"நாளைக்கு எறங்குறேன் அத்தை. கண்டிப்பா."

"மகராசனா இரு" என்று வாழ்த்திவிட்டு மழைக்குள் போனாள். அவனுக்கு வெட்கம் பாதி, பயம் பாதி.

இந்தத் தடவை எண்ணியே போட்டான். வாணலியில் வறுத்து ஆற்றி, ஒன்று இரண்டு என்று இருபத்தொரு மணி. புது டிஷ்யூ. ரப்பர் வளையத்தில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டினான். டிரம்முக்குள் இறக்கிவிட்டு ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தான். மழைச் சத்தத்துக்கு அடியில் டிரம்முக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. முதலில் கூரை ஒழுகுகிறதோ என்று நினைத்தான். இல்லை. நிதானமாக, விட்டு விட்டு, குமிழி வெடிக்கிற சத்தம். சிலிண்டர் காற்றைக் குடித்து ஒருத்தன் மூச்சு விட்டால் வருமே, அதே சத்தம். குழாய்த் தண்ணீரில் வராத வாசம் ஒன்றும் வந்தது, டேமின் அடிச்சேற்று வாசம், அழுகின இலையும் துருவும் கலந்து.

அரை மணி பொறுத்தான். எடுத்தான்.

கண்ணாடி வழியே டிஷ்யூ காய்ந்தே தெரிந்தது. அரிசி இல்லை. கூட்டின் கண்ணாடியில், உள்பக்கம், ஆவி. துடைத்துப் பார்த்தான், போகவில்லை, உள்பக்கமாயிற்றே. ஆவி சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

கூடு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

ஓடியிருக்கலாம். ஃபேக்டரி வாசலில் போய் சித்ராவுக்காக நின்றிருக்கலாம். ஆனால் நாளைக்கு இறங்காவிட்டால் வேறொருவன் இறங்குவான். மூளை கொதிக்க உட்கார்ந்திருந்தவனுக்கு மாரித்தாய் சொன்னதுதான் வழியாகத் தெரிந்தது. பசி. பாவி, பசிக்குத்தான் வந்திருக்கிறான். போட்டுவிட்டால் போய்விடுவான். மறுபடி இருபத்தொன்று எண்ணினான். அரிசியோடு கேமராவையும் கூட்டுக்குள் வைத்து, வீடியோவை ஓடவிட்டு, லைட்டைக் கம்பியில் ஒரு முழம் தள்ளிக் கட்டி, கண்ணாடி மேலே பார்க்கும்படி டிரம்மின் அடியில் இறக்கினான்.

வெளிச்சம் பட்டதும் தெளிந்த குழாய்த் தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது.

விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். முகம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு.

"தின்னுக்கடா மணி" என்றான். "உங்கம்மா போட்டதா நெனச்சுத் தின்னுட்டுப் போயிரு. தப்புத்தான்டா. பயந்துட்டேன்டா. போயிருடா."

சத்தம் நின்றது. மழைகூட நின்றது போலிருந்தது.

கூட்டை வெளியே எடுத்தான். அரிசி இல்லை. டிஷ்யூ வைக்கவில்லை, ஆனாலும் உள்ளே காய்ந்தே இருந்தது. அப்பாடா, வாங்கிக்கொண்டான். முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. பூட்டைத் திறந்து, கேமராவின் குட்டித் திரையில் வீடியோவை ஓட்டினான்.

டிரம்மின் வட்ட வாய். அதற்குமேல் தகரக் கூரை. வெள்ளைத் தூசி மிதந்தது. அவன் முகம் உள்ளே எட்டிப் பார்த்தது. உதடு அசைந்தது. தின்னுக்கடா மணி.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது.

முங்கும்போது போடும் கறுப்பு ரப்பர்ச் சட்டைக் கை. விரல்கள் வெளுத்து, ஊறி. மெதுவாக மேலே போயிற்று. தண்ணீரைத் தாண்டிற்று. அவன் வாய்க்குள் எதையோ போட்டது.

திரையில் இருந்த முனீஸ்வரன் சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்து காட்டினான்.

ரெண்டாம் முறை.

மூன்றாம் முறை.

அப்படி வாயைத் திறந்த ஞாபகம் அவனுக்கு இல்லை. நாக்கை அசைத்தான். நாக்கு அசைய இடமில்லை. வறுத்த அரிசி. சேற்று ருசி. கன்னம் கொள்ளாமல் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

பசியென்று வரவில்லை அவன். வாய்க்கரிசி போட வந்திருக்கிறான்.

வாசலில் நிழல் தட்டியது.

"முனீசு? லைட்டு வெளிச்சம் தெரிஞ்சுதேன்னு வந்தேன்." மாரித்தாய் இந்தத் தடவை உள்ளேயே வந்துவிட்டாள். "என்னய்யா, பேச மாட்டேங்குற? வாயில என்ன?"

அவன் தலையை ஆட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்புக் கொக்கி. அதிலிருந்து கயிறு. ஈரம் சொட்டச் சொட்ட டிரம்மின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிற்று. தொய்வில்லாமல், விறைப்பாக.

"கயிறு அறுந்துபோச்சுன்னுல்லய்யா சொன்ன?"

மாரித்தாய் முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு இழுப்பு வந்தது. ஒன்றே ஒன்று. நல்லாருக்கியா?