துண்டுக்குள் ஒரு விரல்

கங்காணி வாலை ஆட்டியது. அதில் ஒன்றும் தப்பில்லை. பதினாலு வயசு நாய், கண் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வாலாட்டத் தெம்பு வந்திருக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் கண் இருக்கிற பக்கமாகப் பார்த்து அது ஆட்டவில்லை. கண்ணை எடுத்துத் தைத்துவிட்ட இடது பக்கத்தைத் திருப்பி, கறுப்பு நூல் முனைகள் மீசை மாதிரித் துருத்திக்கொண்டிருந்த அந்த மூடிய இமையைப் புறவாசல் கதவுக்கு நேராக வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வந்தால் ஆட்டுகிற மாதிரி நிதானமாக ஆட்டியது.

புறவாசலில் யாரும் இல்லை. மத்தியானம் மூன்று மணி. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய ஆடிச் சாரல் மேலகரத்து ஓடுகளின் மேல் விழுகிற சத்தம்கூட இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்த வைக்கோலும் சாணியும் கலந்த வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. டாக்டர் நாயின் மூக்கில் வைத்த மயக்க மருந்தின் வாடை.

குத்தாலிங்கம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாருக்குலே வாலாட்டுத?"

நாய் அவர் பக்கம் திரும்பவில்லை.

தூக்கம் கெட்ட மனுஷனுக்கு எல்லா வாடையும் வரும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்று நாளாக அவரும் மனைவி ஆவுடையம்மாளும் முறை வைத்து விழித்திருந்தார்கள். வேளைக்கு ஒரு தடவை வெந்நீரில் உப்புப் போட்டுப் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கருப்பட்டியில் மறைத்துக் கொடுக்க வேண்டும். கால் நகத்தால் தையலைப் பறித்துவிடாமல் இருக்க, புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் வந்த கூடை ஒன்றின் அடியை அறுத்து நாயின் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். கூடையோடு அது கதவில் முட்டும், தூணில் முட்டும், முட்டிய தூணைப் பார்த்து உறுமும். பிள்ளை இல்லாத வீட்டில் அறுபது வயசுக்கு மேல் பிள்ளை வளர்க்கிற மாதிரி இருந்தது.

"எனக்கு ரெண்டு வருசமா கண்ணு மங்குது, அதுக்கு ஒரு டாக்டர் கெடைக்கல. நாய்க்கு ஆபரேசன்!" என்று ஆவுடையம்மாள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். சொல்லிவிட்டு அவளேதான் போய் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். எப்போதோ அரிவாள்மணையில் வெட்டுப்பட்டு, அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் நகம் இரண்டாகப் பிளந்து முளைத்திருந்தது. அந்தப் பிளந்த நகத்தால் சொறிந்தால்தான் கங்காணிக்குச் சொர்க்கம். சரக் சரக் என்று அடுத்த அறை வரைக்கும் கேட்கும்.

டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். குருட்டுப் பக்கமாக வருகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் நாய் பதறிக் கடித்துவிடும். அதனால் ஆவுடையம்மாள் இடது பக்கமாக வரும்போதெல்லாம், "நாந்தாம்லே... நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

புறவாசலில் நின்றது எதுவோ, அது குரல் கொடுக்கவில்லை. நாய் பதறவும் இல்லை.

குத்தாலிங்கம் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். கங்காணி ஒரு சந்தையில் அவர் காலைச் சுற்றிய குட்டி. அன்றிலிருந்து வாங்கிய மாடுகளுக்குப் பின்னாலேயே ராவும் பகலும் நடந்தது. பேரம் படியப்போகிற மாட்டைக் கண்டால் அது முன்கூட்டியே அதன் காலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சந்தையில் சொல்வார்கள். அதில் பாதி பொய். மாட்டுச் சந்தையில் பாதிதான் பொய் என்றால் அது நயமான சரக்கு.

தை மாதம் நாயின் இடது கண் உப்பியது. பங்குனியில் வெளுத்தது. ஆனி முடிவதற்குள் சீழ் பிடித்து, ராத்திரியெல்லாம் தலையைச் சுவரில் தேய்த்து அழுதது. தென்காசியில் ஏசுதாசன் இருந்தார். பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"கண்ண எடுத்துட்டா வலி போயிரும் அண்ணாச்சி. ஆனா வயசு பாருங்க. மயக்கத்துலயே போனாலும் போயிரும். என்ன சொல்லுதீக?"

"எடுங்க" என்றார் குத்தாலிங்கம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல்.

டாக்டர் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை. நாயின் உடம்பு திமிறாமல் இருக்க, குத்தாலிங்கத்தின் ஈரிழைத் துண்டையே அதன் மேல் போர்த்தியிருந்தார் ஏசுதாசன். "துண்டுக்குள்ள கைய விட்டு முன்னங்கால புடிச்சுக்கிடுங்க. இங்கன பாக்காதீக" என்றார். குத்தாலிங்கம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் அங்கே இல்லை. கத்தரி சத்தம். தண்ணீர் சத்தம். பிறகு கைக்குள் இருந்த முன்னங்கால் மெதுவாக, காற்றுப் போன பை மாதிரித் தொய்ந்தது.

அப்போதுதான் துண்டுக்குள் ஒரு கை வந்து அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவன் காதில் விழுந்தால் விலை கெட்டுப்போகும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் பேரம். பத்தா நூறா என்பதை மட்டும் முதலில் வாயால் சொல்லிவிட்டு, மிச்சத்தை விரல் பேசும். ஐந்து விரலைப் பிடித்தால் ஐந்து. ஒரு விரலைப் பிடித்து அழுத்தினால் ஒன்று. படிந்ததும் துண்டை எடுத்து உதற வேண்டும். உதறிய பிறகு பேச்சு மாறினவன் சந்தைக்குள் கால் வைக்க முடியாது.

டாக்டர் கூலி பேசுகிறார் என்று நினைத்தார் குத்தாலிங்கம். ஒரு கையால் கண்ணை அறுத்துக்கொண்டே இன்னொரு கையால் பேரமா, கெட்டிக்காரர்தான் என்று சிரிப்புக்கூட வந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? நாற்பது வருஷத்துப் பழக்கம். ஐந்தை உதறிவிட்டு ஒன்றைப் பிடித்தார். அந்தக் கை மூன்றைப் பிடித்தது. அவர் மறுபடியும் ஒன்று. அந்தக் கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சில்லென்று, ஈரமாக. பிறகு அவருடைய ஒரு விரலைப் பிடித்து அழுத்தியது.

ஒன்று. படிந்தது.

முன்னங்கால் வெட்டி உதைத்தது. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுத் துண்டை எடுத்து உதறி, "முடிஞ்சுட்டு" என்றார். ஐந்தை ஒன்றாக அடித்துவிட்ட சந்தோஷத்தில்தான் குத்தாலிங்கம் நாயை வில்வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஐந்தாம் நாள் ஏசுதாசன் ஊசி போட மேலகரம் வந்தபோது, குத்தாலிங்கம் ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி இது? ஒங்ககிட்டயா நான் துட்டு வாங்கப்போறேன்?"

"அன்னைக்குத் துண்டுக்குள்ள பேசுனதுதான?"

"யாரு பேசுனா?" டாக்டர் சிரித்தார். "எங்கையி ரெண்டும் ரத்தத்துல கெடந்துதே, துண்டுக்கு மேல." பிறகு ஆவுடையம்மாள் அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இப்ப சொல்லலாம். அன்னைக்கு நடுவுல மூச்சு நின்னுட்டு. ரெண்டு நிமிசம் இருக்கும். போயிட்டுன்னே நெனச்சேன். எப்படித் திரும்புச்சுன்னு எனக்கே தெரியல."

குத்தாலிங்கம் நோட்டை மடித்தார். மறுபடியும் மடித்தார். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும் வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

கண்ணைத்தான் கொடுத்தாயிற்றே என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒரு கண். ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அழுகின சரக்கை விலையாக வாங்கிக்கொண்டு போக எந்த ஏமாளி துண்டு போடுவான்? பத்தா நூறா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கத்துக்குட்டித் தரகன்கூட அதைக் கேட்பான். ஒன்று என்றால், ஒன்று எது?

மறுநாள் ஆவுடையம்மாள் அவரை விரட்டினாள். "மூஞ்சியப் பாருங்க, செத்த பொணம் மாதிரி. அருவியில போயித் தலையக் குடுத்துட்டு வாங்க, அசதி போவும்."

குற்றாலத்தில் சீசன் கூட்டம். எண்ணெய் வழிகிற உடம்புகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அருவிக்குள் தலையைக் கொடுத்தார். தண்ணீர் பிடரியில் அறைந்தது. உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே சத்தமானது. கம்பியில் இருந்த கையை ஒரு கை தொட்டது. கூட்டத்தில் தொடத்தான் செய்யும். அது ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகப் பிரித்தது. அழுத்தியது. ஞாபகப்படுத்துகிற மாதிரி.

கண்ணைத் திறந்தார். இரண்டு பக்கமும் யாரும் இல்லை. கூட்டம் ஏனோ விலகி நின்றிருந்தது.

அதற்குப் பிறகு மத்தியானச் சாரலில் அந்த வாடை தினமும் வந்தது. கங்காணி தைத்த கண்ணைத் திருப்பி வைத்துக் காட்டிக்கொடுத்தது. ஏழாம் நாள் புறவாசல் படிக்கு உள்ளே. எட்டாம் நாள் அடுப்படி நிலைக்கு நேரே. ஒன்பதாம் நாள் நடுவீட்டுத் தூணுக்கு அருகில். ஒவ்வொரு தடவையும் வால் நிதானமாக ஆடியது. தன்னைத் திருப்பிக் கொடுத்தவனிடம் நாய்க்கு என்ன பகை?

ஆவுடையம்மாளுக்குத்தான் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. "ஒரே அசதியா வருதுங்க" என்பாள். கண்விழித்த அலுப்பு என்பாள்.

பத்தாம் நாள் காலையில் ஏசுதாசன் தையலைப் பிரித்தார். புண் ஆறி, கண் இருந்த இடம் வழவழவென்று ஒரு மூடிய பையாகிவிட்டது. கூடையைக் கழற்றியதும் கங்காணி உடம்பை உதறி, ஒரு சட்டி சோறு தின்றது. "ஜெயிச்சுட்டீங்க அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

மத்தியானம் சாரல் பிடித்தது. "தலையச் சுத்துது, செத்த நேரம் சாயுதேன். நாலு மணிக்கு எழுப்பி விடுங்க, காப்பி போடணும்" என்று ஆவுடையம்மாள் நடுவீட்டில் பாயை விரித்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வாடை வந்தது.

கங்காணி எழுந்தது. வழவழப்பான இடது பக்கத்தைப் புறவாசலுக்குத் திருப்பியது. தலை மெதுவாக நகர்ந்தது. படி. அடுப்படி. தூண். யாரோ நடக்க நடக்க, கூடவே. பாயின் கால்மாட்டுக்கு நேரே தலை நின்றது.

வாலாட்டியது.

குத்தாலிங்கம் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார், நாய் காட்டிய இடத்துக்கும் மனைவியின் காலுக்கும் நடுவே. தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கை மேல் போட்டார். குரலைச் சந்தைக் குரலாக்கினார்.

"வாங்க. அன்னைக்குப் பேசுனது ஆளு தெரியாமப் பேசுனது. அது செல்லாது. புதுசாப் பேசுவோம்."

சாரல்.

அவரிடம் இரண்டு விலை இருந்தது. இரண்டாவது, அவரே. அதை அவர் மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தார். ஆனால் எடுத்த எடுப்பில் நல்ல விலையைச் சொல்கிற தரகனாக அவர் நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

"நாயத் திருப்பி எடுத்துக்கிடுங்க" என்றார். "கங்காணிய."

பேரைக் கேட்டு நாய் அவரைப் பார்த்தது. இருக்கிற ஒரு கண்ணால். சந்தோஷமாக.

கொஞ்சம் பொறுத்தார். எதிராளி பொறுத்தால் நாமும் பொறுக்க வேண்டும்; அதுதான் தொழில். சுவர்க் கடிகாரம் ஓடியது. சரி, இனி இரண்டாவதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

துண்டுக்குள் ஒரு கை வந்தது.

அந்தச் சில்லிட்ட கை இல்லை. வெதுவெதுப்பான கை. பழகின கை. அவருடைய ஒரு விரலைப் பிடித்தது. அழுத்தியது. அழுத்திய விரலின் நுனியில் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஏட்டி?" என்றார்.

"நாந்தாம்லே..." புறவாசல் பக்கத்திலிருந்து, நாயின் குருட்டுப் பக்கத்திலிருந்து, அலுத்துப்போன அதே குரல். "நாந்தான்."

குத்தாலிங்கம் பாயைப் பார்த்தார். ஆவுடையம்மாள் அங்கேதான் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை.

கடிகாரம் நாலு அடித்தது.

துண்டை உதற வேண்டும். படிந்த பேரத்துக்குத் துண்டை உதற வேண்டும். அவர் உதறவில்லை. எட்டி அவள் காலைத் தொடவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். வீடு இருட்டிக்கொண்டு வந்தது.

கங்காணி பக்கத்தில் வந்து, தலையைத் தாழ்த்தி, துண்டுக்கு அடியில் நுழைத்தது. விரலைப் பிடித்திருந்த கை விரலை விட்டது.

துண்டு மெதுவாக அசைந்தது.

சரக். சரக். சரக்.