நெட்டுக்குப்பத்தில் ஒட்டாத நோட்டீஸ்

"ஏங்க, இதுல தாத்தாவோட மூக்கையே காணோம்!"

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் ஊறிய சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி... அந்தக் கண்கள் மட்டும் கோபப்படத் தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தன.

"ஈரக் கையோட ஃபோட்டோவ குட்த்தா மூக்கு எப்டி வரும்? தொடச்சிட்டு குடு" என்றாள் வெடுக்கென்று.

மழை நாளில் எர்ணாவூர் ஜெராக்ஸ் கடைக்கு யார் வருவார்கள்? காலையிலிருந்து அவளிடம் பேசிய முதல் ஆள் இவன்தான். கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் போனதிலிருந்து வீட்டில் அம்மாவும் அதிகம் பேசுவதில்லை. சில நாள் தன் குரலே தனக்கு மறந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருக்கும்.

அவன் பெயர் பாரி. பினாங்கிலிருந்து வந்திருந்தான்.

"இவரு எங்கப்பாவோட அப்பா, சுப்புராயன். உலகப்போர் சமயத்துல பட்டாளத்துல சேர்ந்து மலாயா போனவரு, சண்டை முடிஞ்சதும் அங்கேயே தங்கிட்டாரு. எண்ணூர் பக்கம்னு மட்டும்தான் தெரியும். நோட்டீஸ் ஒட்டி அவரோட சொந்தக்காரங்களத் தேடுறேன்லா."

"இன்னாத்துக்கு? சொத்து கித்து கீதா?"

"அப்பா எப்பவோ போயிட்டாரு. இப்ப அம்மாவும் போயிட்டாங்க. எனக்குன்னு... யாரும் இல்ல."

மகிழினி படத்தைக் கையில் வாங்கினாள். இதே மீசை, இதே தொப்பி... இதே படம் நெட்டுக்குப்பத்தில் அவள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது! சண்டையில் செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய மனிதர். அந்த வீட்டுக்கே 'பட்டாளத்தார் வூடு' என்றுதான் பேர்.

சொல்ல வாயெடுத்தாள். அப்புறம்தான் உறைத்தது. தாத்தா வீட்டில் மாட்டிய படம், இவர் நம் தாத்தாவுக்கு அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்கவேண்டும். அப்படியென்றால் இவன் பங்காளி வீட்டுப் பிள்ளை... எனக்கு அண்ணன் முறை!

பார்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அந்த முறை ஏன் இப்படிக் கசக்கிறது? அடி பைத்தியமே... என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒட்டிய நோட்டீஸையெல்லாம் மழை கிழித்தது. மறுநாளும் வந்தான்... அதற்கு மறுநாளும் வந்தான்.

"திரும்பவும் நீயா? பேஜாரா போச்சு!" என்பாள், முகம் நிறையச் சிரிப்போடு.

"உங்க ஊரு மழைகிட்டச் சொல்லுங்கலா" என்பான்.

அவன் போனதும் கடை முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடும். "நெட்டுக்குப்பத்துல நானே ஒட்டிக்கிறேன்" என்று அவள் வாங்கிய நோட்டீஸ்கள் பைக்குள்ளேயே கிடந்தன.

ஒரு மாலை அவன் வெறுங்கையோடு வந்தான்.

"நாளைக்குக் கிளம்புறேன். யாரும் இல்லன்னு முடிவா தெரிஞ்சுட்டா மனசு ஆறிடும்னு நெனச்சேன்... ஆறல."

அந்தக் கண்கள் கலங்கியதை அவளால் தாங்க முடியவில்லை. எனக்கு இவன் கிடைக்காவிட்டால் போகட்டும், இவனுக்கு ஒரு வீடு கிடைக்கட்டும்... பையைக் கவிழ்த்தாள். நோட்டீஸ்கள் மேஜையில் சரிந்தன.

"ஒண்ணுகூட ஒட்டல. உங்க தாத்தா படம் எங்க வூட்லயே கீது. மொத நாளே தெரியும்."

அவன் முகம் இருண்டது. "நான் நாயா அலைஞ்சத... பார்த்துக்கிட்டே இருந்தீங்களா? ஏன்?"

அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். நெட்டுக்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்து அவனை ஏற்றினாள்.

விஷயத்தைக் கேட்ட அம்மா தாயம்மா, பாரியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"உசுரோடயா இருந்தாரு! எம் மாமியா, இவ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு நைனா... சாவுற வரிக்கும் 'எங்கண்ணன் வந்துடும்'னு சொல்லிகினே கெடந்துச்சே!"

"ஆயாவுக்கு அண்ணனா?" மகிழினி குறுக்கே புகுந்தாள். "தாத்தாவுக்கு இல்லியா?"

"உங்க தாத்தா வூட்டோட மாப்ளயா வந்தவருடி. இது உங்க ஆயா பொறந்த வூடு. அப்டி பாத்தா இந்தப் புள்ள உனக்கு மொறப்பையன்."

மகிழினி வாசலுக்கு ஓடினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கழிமுகத்துத் தண்ணீரில் அனல்மின் நிலையத்தின் விளக்குகள் கலங்கித் தெரிந்தன. பின்னாலேயே வந்த பாரிக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க. ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா... உன்ன அண்ணான்னு கூப்டணும்." திரும்பாமலே சொன்னாள். "என்னால முடில பாரி. உன்ன புடிச்சி போச்சு. நீ தனியா தவிச்சிகினு கீறன்னு தெரிஞ்சும் மறைச்சேன். தப்புதான்... திட்டு."

போய்விட்டானோ? பயந்து திரும்பினாள். நனைந்துகொண்டு அங்கேயேதான் நின்றான்.

"சொந்தம் கெடைக்கலன்னுதான் அழறேன்னு நெனச்சேன்" என்றான் மெல்ல. "நேத்து ராத்திரிதான் புரிஞ்சுது... இனிமே உங்க கடைக்கு வர முடியாதேன்னுதான் அழுதிருக்கேன்."

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நாளைக்கு நான் போகணுமா? நீயே சொல்லு."

முதல் முறையாக 'நீ' என்றிருந்தான்.

"போய்ப் பாரு... கால ஒட்ச்சிருவேன்!" என்று சொல்லிவிட்டு, மகிழினி விம்மி விம்மி அழுதாள்.