தட்டு சுழலும்வரை

சுழன்றுகொண்டிருந்தவை இரண்டு இசைத்தட்டுகள்தான். ஆனால் தாளம் மூன்று கேட்டது.

அவள் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். ஆள் உயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றே இளமையைக் கழித்தவளின் காது. சும்மா இருக்கும்போதே சில நாள் உள்ளே கொசு ரீங்கரிக்கும். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டாள். வலது தட்டில் மெதுவான டீப் ஹவுஸ் நடன இசை, அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு பேஸ். இடது தட்டில் அதே வேகத்துக்கு இழுத்துப் பிடித்து ஒட்டவைத்த இன்னொன்று. இரண்டின் அடிகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கும் கீழே, இரண்டு அடிக்கு ஒரு முறை, ஈரத் துணிமூட்டையைத் தரையில் போடுவதுபோல ஒரு சத்தம். தொப். தொப்.

மிக்ஸரில் ஒலியை முழுக்கக் குறைத்தாள். தட்டுகளின் அடி மறைந்தது. தொப் மறையவில்லை.

வெளியே மதியத்திலிருந்தே மழை. சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்க ஜன்னலில் கனத்த திரை தொங்கியதால் அறைக்குள் பகலும் சாயங்காலம் மாதிரிதான் இருந்தது. பழைய அட்டை உறைகளின் பூஞ்சை வாசனை, சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் வாசனை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கசிந்துவரும் பினாயில், களிம்பு வாசனை.

அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் படுத்திருந்தான்.

அவனும் அவளும் சேர்ந்துதான் டிஜே. போஸ்டர்களில்கூட ‘அண்ணன் தங்கை’ என்றே போடுவார்கள். ஒருவர் தட்டு முடியுமிடத்தில் மற்றவர் தட்டு தொடங்கிவிடும். ஆடுகிறவர்களுக்குக் கை மாறியதே தெரியாது. போன வருஷம் ஒரு மேடையில் விளக்குச் சட்டம் சரிந்து அவன் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு கண் திறந்திருக்கிறது, எதையும் பார்ப்பதில்லை. “உயிர் இருக்கு. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது,” என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு அண்ணிதான் எல்லாம் பார்க்கிறாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, மூக்குக் குழாயில் ஆகாரம் ஊற்றுவது. அழுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். கிண்டல் செய்வதை நிறுத்தவில்லை. “ஹவுஸ் மியூசிக்காம். ஹவுஸ்ல மனுஷன் இருக்க முடியுதா?” என்பாள்.

வானொலி நிலையம் ஒன்று, பாட்டோடு பாட்டைக் கோத்த ஒரு மிக்ஸ் கேட்டிருந்தது. இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். கைப்பழக்கமான தட்டுகள் சலித்துப்போக, அண்ணனின் கட்டிலுக்கடியில் கிடந்த கறுப்புப் பெட்டியை இழுத்து வந்திருந்தாள். உள்ளே பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் தட்டுகள்; இப்போது சுழல்பவை அவற்றில் இரண்டு. அந்தத் தொழிலில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் இவற்றை மட்டும் அண்ணன் எந்த மேடையிலும் போட்டதில்லை. கேட்டால், “அது ஆடறதுக்கு இல்ல, விடு,” என்பான்.

தொப். தொப்.

சுவரில் காதை வைத்தாள். சத்தம் அங்கிருந்துதான். ஒலியைப் பழையபடி ஏற்றிவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

அடுத்த அறையில் அண்ணி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அவன் விரல்நுனியைக் கவ்வியிருந்த சின்ன நாடிக் கருவியில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சுவர் வழியே அவளுடைய தட்டின் அடி மெலிதாகக் கேட்டது. விளக்கு அந்த அடியின் மீது விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஒருமுறைகூடப் பிசகவில்லை.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு கடிகாரங்கள்கூடக் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும். பிறகு விலகிவிடும். அவள் நின்று பார்த்தாள். விலகவில்லை.

திரும்பி வந்து, தட்டின் வேகத்தை மாற்றும் பித்தானைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். பாட்டு இழுபட்டுக் குழைந்தது. இன்னும் கொஞ்சம். பாடுகிறவளின் குரல் ஆண் குரலாக இறங்கியது. தொப்... தொப்...

“பாப்பா!” சுவருக்கு அப்பால் அண்ணி அலறினாள். “இங்க வா! இவருக்கு என்னமோ ஆகுது! நாடி இறங்குது பாப்பா!”

அவள் பித்தானை மேலே தள்ளினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் உதடு நீலம் பாரித்து, மெல்லப் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணி அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவளின் வாய் அது, அடங்கவில்லை.

“அண்ணி, நான்தான்... நான் பாட்டை மெதுவாக்கினேன்.”

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள். அண்ணி திட்டவில்லை. நாடிக் கருவியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துப் பழகியவள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“அப்போ வேகமாப் போடு,” என்றாள்.

திரும்பி ஓடிவந்து பெட்டியிலிருந்து ஒரு டெக்னோ தட்டைப் போட்டாள். கூரை கிடையாது, சுவர் கிடையாது, வெறும் இரும்பு மட்டும் இருக்கும் தொழிற்சாலை மாதிரி ஓர் ஓசை. நடுவில் எதுவோ உராயும் சத்தம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அண்ணன் கன்னத்தில் ரத்தம் ஏறியதாக அண்ணி கத்திச் சொன்னாள். சுண்டுவிரல் அசைகிறது என்றாள். கண்ணிமை மூடித் திறக்கிறது என்றாள். பிறகு அண்ணி அழுவது மட்டும் கேட்டது.

தட்டு தீர்ந்தது. ஊசி கடைசி வெற்றுக் கோட்டில் போய் டிக், டிக் என்று முட்டியது.

“ஐயோ! மூச்சு நின்னுடுச்சு!”

கைக்கு அகப்பட்ட தன் சொந்தத் தட்டு ஒன்றைப் போட்டாள். நல்ல பாட்டுதான். அண்ணி அலறிக்கொண்டே இருந்தாள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளை லேபிள் ஒன்றை வைத்தாள். அலறல் நின்றது. தொப். தொப்.

அந்தத் தட்டுகள்தான் வேண்டும். அவை நிற்கவும் கூடாது; ஒரு வருஷம் தானாகத் துடித்த நெஞ்சு இப்போது அவற்றில் மாட்டிக்கொண்டுவிட்டது.

“டாக்டரைக் கூப்பிடலாம் அண்ணி,” என்றாள், வாசலில் வந்து நின்ற அண்ணியிடம்.

“வந்து என்ன பண்ணுவாரு? டெக்னோவை ஊசியில ஏத்துவாரா?” அண்ணியின் கண் சிவந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது. அப்படியொரு முகத்தை அவள் அந்த வீட்டில் வெகுநாளாகப் பார்த்ததில்லை. “நீ போட்டுக்கிட்டே இரு.”

“எவ்வளவு நேரம்?”

“அவர் எழுந்திரிக்கிற வரைக்கும்.”

“எனக்குக் கை வலிக்குது அண்ணி. கொஞ்சம் உட்கார்ந்து...”

“ஒரு வருஷமா அவர் மலத்தை நான் அள்றேன். என் இடுப்பு வலிக்குதான்னு நீ ஒரு நாள் கேட்டியா?” அண்ணி குரலை உயர்த்தவில்லை. “நின்னு பாட்டுப் போடறதுதானே உன் வேலை. போடு.”

கதவு சாத்தப்பட்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது திறந்து, ஒரு கையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மட்டும் உள்ளே வந்தன. வாளி எதற்கென்று அவளுக்குப் புரிந்தபோது முகம் எரிந்தது. ஆனால் தட்டு முடியப்போகிறது. அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைச் சேர்த்து, அடிமேல் அடியை உட்காரவைத்து, மெல்ல உள்ளே விட்டாள். அண்ணனின் உயிரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடிப்பதுபோல. ஒரு மாற்றத்தில் அடி லேசாகச் சறுக்கியது. சுவருக்கு அப்பால் அவன் விக்கினான். அவன் குரலை அவள் மறந்தே போயிருந்தாள். சிலிர்த்தது. அதற்குப் பிறகு சறுக்கவில்லை.

சாயங்காலம் திரைக்கு வெளியே வந்து போனது. பாதத்தில் குளிர் ஏறியது. நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தாள். முழங்கால்வரை வந்தது. பித்தான்மேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள், நகத்தடியில் நீலம். களைப்பு. பசி. வேறு என்ன?

“உட்கார வெச்சிட்டேன் பாப்பா!” என்றாள் அண்ணி, சுவருக்கு அப்பால். “தலையணை இல்லாமலே உட்கார்ந்திருக்காரு!”

“பேசறாரா அண்ணி?”

“சுவரைப் பார்க்கறாரு.”

“எந்தச் சுவரை?”

அவன் அறைக்கும் இந்த அறைக்கும் பொதுவாக இருந்தது ஒரே சுவர்.

அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள். திரும்ப முடியாது. தட்டு முடியப்போகிறது.

அப்போது இடி இறங்கியது. விளக்கு அணைந்தது. தட்டின் ஓசை கீழே, கீழே, கிணற்றுக்குள் விழுவதுபோல இறங்கிப்போனது.

“போடு! போடுடி! பாவி, போடு!”

இருட்டில் லேபிளைத் தடவினாள். நடுவிரலை வைத்துச் சுற்றினாள். ஸ்பீக்கர் செத்திருந்தது, ஆனால் ஊசி கோட்டில் உரசும் நுண்ணிய ஓசை இருந்தது, தகரடப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. அதில் அடி இருந்தது. அவள் அதை எண்ணாமல் எண்ணினாள். இத்தனை வருஷத்துப் பழக்கம் விரலில் இருந்தது. சுற்றினாள்.

தொப்.

அடுத்த அறையில் கட்டில் முனகியது.

தொப்.

அது நெஞ்சுச் சத்தமில்லை. தரையில் வைத்த கால்.

தொப்.

“நடக்கறாரு!” அண்ணி சிரித்தாள், அழுதாள். “பாப்பா, நடக்கறாரு! நிறுத்தாதே, உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், நிறுத்தாதே!”

விரலை மெதுவாக்கினாள். கால் மெதுவானது. மெதுவானது, ஆனால் திசை மாறவில்லை. வராந்தா. ஈரப் பாதம் மொசைக்கில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். நிறுத்தினால் சாவான். சுற்றினால் வருவான். வரட்டுமே, என் அண்ணன்தானே. என் அண்ணன்தானே. அவள் சுற்றினாள்.

தாழ்ப்பாள் விலகியது.

அண்ணியின் செல்போன் வெளிச்சம் சுவரில் ஆடியது. அவள் திரும்பவில்லை. களிம்பு வாசனை முதலில் வந்தது. பிறகு படுக்கைப்புண்ணின் வாசனை. அதற்கும் அடியில் வேறொன்று. கருகிய தூசி மாதிரி.

“அண்ணா?”

முதுகில் அவன் நெஞ்சு வந்து சாய்ந்தது. கனமாக. குளிராக. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகாலேயே கேட்டாள். எலும்புக்கூடு முழுவதும் காதாகி அந்த ஒன்றைத்தான் தேடியது.

அங்கே துடிப்பே இல்லை.

துடித்தது அவளுடைய நெஞ்சு; இப்போது தட்டில் மாட்டியிருந்தது அதுதான். ஊசியோடு. அடிமேல் அடி. மயிரிழை பிசகாமல்.

அவள் விரலுக்குப் பக்கத்தில் ஒரு விரல் வந்து அமர்ந்தது. சூம்பிப்போன, நகம் வளர்ந்த விரல். அவள் தன் கையை எடுத்தாள். தட்டு நிற்கவில்லை.

“அண்ணி...” சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “அண்ணி, இவரைப் பிடிங்க...”

வாசலில் அண்ணி இரண்டு கையாலும் வெளிச்சத்தைப் பிடித்தபடி நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். அவள் தன் புருஷனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் தட்டை நிறுத்தியது.

அவள் முழங்கால் மடங்கியது. தாடை மேசை விளிம்பில் இடித்தது. கண்ணுக்கு நேரே கறுப்புத் தட்டு. அதன் கோடுகளில் செல்போன் வெளிச்சம் மினுங்கியது. மூச்சை உள்ளே இழுத்தாள்; அது வரவில்லை.

“ஏங்க,” என்றாள் அண்ணி, அவ்வளவு ஆசையாக, “இன்னும் கொஞ்சம் வாசிங்க.”

விரல் மறுபடி அசைந்தது. தட்டு பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது, அவள் நெஞ்சும் அதோடு.