ஜன்னல் சீட்டுக்கு ஒரு வெடிகுண்டு

கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

2008. திங்கட்கிழமை காலை. ஓசூர் பஸ் ஸ்டாண்ட்.

"பாம்... சீட்டுக்கு அடியில பாம்!"

கத்தியவன் நான். தமிழரசன். பெங்களூரு போகிற வழியில், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர்.

பெங்களூரு பஸ்ஸில் முந்நூறு பேர். ஜன்னல் வழியாக மஞ்சப்பையைப் போட்டு சீட் பிடித்திருந்தேன். முட்டிமோதி ஏறிப் பார்த்தால்... அதே சீட்டில் ஒரு பெரியவர். என் பை அவர் காலடியில்.

எழுந்திருக்கச் சொல்லிக் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கத்திவிட்டேன்.

பஸ் காலி. கூட்டம் என்னையும் அள்ளிக்கொண்டு இறங்கியது. அடுத்து வந்தது, போலீஸ் ஜீப்.

எஸ்.ஐ. அண்ணாதுரை லத்தியால் பையை நெம்பினார். உருண்டு வந்தது... எவர்சில்வர் டிபன் டப்பா. மூடியில் பேர் வெட்டியிருந்தது.

"ராமப்பன், கெலவரப்பள்ளி. எவன்யா அது?"

என் சீட்டில் உட்கார்ந்திருந்த அதே பெரியவர் கூட்டத்திலிருந்து கை தூக்கினார்.

"நான்தாங்க."

"இந்த வயசுல உனக்குக் குண்டு கேக்குதா? ஜீப்புல ஏறுய்யா."

"டப்பா நான் வாங்குனதுதாங்க. ஆனா எங்க ஊர்ப் பொண்ணு மாதேஸ்வரி கல்யாணத்துக்கு மொய்யா வெச்சிட்டனே."

"அவ எங்க?"

"மூக்கண்டப்பள்ளியில. கட்டுனவரு யாரோ ஃபிட்டருங்க. மூஞ்சி ஞாபகமில்ல."

மாதேஸ்வரி என் மனைவி.

வாயைத் திறந்தால் எனக்கு லாக்கப், வேலையும் போகும். மூடிக்கொண்டால்... பெரியவரின் ஒரு கால் ஜீப்பில் ஏறிவிட்டது.

"சார்... டப்பா என்னுது. பாமெல்லாம் இல்ல. சீட்டுக்காகத்தான்..."

"தூ," என்றாள் பூக்கூடையோடு நின்ற பாப்பம்மா. "எருமையாட்டம் வளந்திருக்க. நின்னா காலு தேஞ்சிருமா?"

ராமப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாதேஸ்வரி வூட்டுக்காரரா? கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பனே, மாப்ள."

அதற்கு நிஜமாகவே ஒரு குண்டு வெடித்திருக்கலாம்.

எஸ்.ஐ. என்மேல் கேஸ் போடவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார்.

"அந்த சீட்டுலயே உக்காருய்யா. இறங்குற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ராமப்பன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். என் டப்பாவை அவர்தான் விழாமல் பிடித்துக்கொண்டார். பொம்மசந்திரா வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

சொன்னது அத்தனையும் சத்தியம்.

ஒன்றே ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்றைக்குக் கர்நாடகா பந்த். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு பஸ்கூடப் புறப்படவில்லை.