முத்திரை இல்லாத தலை

டமார்!

தகரப் பெட்டி மேஜையில் விழுந்த வேகத்தில் பழைய பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சுகாசினியின் ஸ்க்ரூ டிரைவர்கள் தரையில் உருண்டன.

"பரண்ல கெடந்தது அண்ணி. காவேரி உனக்குன்னு சேர்த்து வெச்சிருந்தா போல. எது இன்னான்னு பார்த்து எழுதிக் குடு. மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி கேட்டுக்கினு இருக்குது."

முருகேசன். தங்கையின் கணவன். மாகறலில் காவேரி கிணற்றில் விழுந்து செத்து இருபத்தேழு நாள்தான் ஆகிறது. அக்கா வந்து முகம் பார்ப்பதற்குள் எரித்து முடித்தவன், இன்று செத்தவளின் பொருளை விற்க வந்திருக்கிறான். சுகாசினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பெட்டியை அவன் இடது கையால்தான் திறந்தான். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் எதையோ சுற்றிப் பிடித்ததுபோல் வளைந்து நின்றன.

"கைக்கு இன்னா?"

"நரம்பு இழுத்துக்கிச்சு. அன்னியிலேர்ந்து இப்டித்தான் இருக்குது."

சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டுத் தறி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அறையில் எப்போதும் இருக்கும் பழைய மெழுகும் எண்ணெயும் கலந்த வாசனைக்கு அடியில், இன்று புதிதாக, கிணற்றுப் பாசியின் வாடை மெல்லக் கிளம்பி அவள் தொண்டைவரை வந்தது. அந்த வளைந்த விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

மெழுகு உருளையில் குரலைப் பதித்துத் திரும்பப் பாடும் பழைய போனோகிராஃப் பெட்டியின் சாமான்கள். எதிலும் பெயரில்லை, எண்ணில்லை. சாவியைத் துளையின் அளவை வைத்துச் சொல்லிவிடலாம். கடைசியாக, ரூபாய் நாணயம்போல் ஒரு வட்டத் தலை.

"அது பேசற தலைதானே?" என்றான்.

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். பதிந்த குரலை ஒலிக்கவைக்கும் பேசும் தலையின் கல்முனை கடுகுபோல் உருண்டிருக்கும். இது நகம்போல் கூராக இருந்தது. மெழுகைக் கீறிக் குரலைப் பதிக்கும் தலை. இது பேசாது. கேட்கும்.

அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஆளுக்கொரு கதை சொல்பவன் இவன். பேச்சைப் பதிவு செய்யப் போனை எடுத்தாலே வாயை மூடிக்கொள்வான். ஒரு கதையையாவது அழியாமல் பிடித்துவிட வேண்டும்.

மேஜையிலிருந்த தன் போனோகிராஃபில் வழவழவென்று சீவிய மெழுகு உருளையை மாட்டினாள். சாவி கொடுத்தாள். அந்தக் கூர்முனைத் தலையைப் பொருத்தி உருளைமேல் இறக்கினாள்.

"சோதிக்கணும். இந்தப் புனல் குழாய்கிட்ட வந்து பேசு. அன்னிக்குக் கெணத்தாண்ட இன்னாய்யா நடந்துச்சு?"

"எத்தினி வாட்டி கேப்ப? தண்ணி எடுக்கப் போனா, வழுக்கிட்டா. நான் கழனியில இருந்தேன்."

"போலீஸ்ல கடையில இருந்தேன்னு சொன்னியே?"

"செத்தவ செத்துட்டா, வுடேன் அண்ணி!"

முனையிலிருந்து மெழுகு சுருள்சுருளாக உதிர்ந்தது. முடிபோல. கறுப்பாக. ஈரமாக.

அவளுடைய மெழுகு பழுப்பு நிறம்.

அந்தத் தலையைக் கழற்றினாள். தன்னிடமிருந்த பேசும் தலையை மாட்டினாள். உருளையை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"இப்ப உன் பேச்சை நீயே கேளு."

கரகரப்பு. பிறகு அவள் குரல். 'கெணத்தாண்ட இன்னாய்யா நடந்துச்சு?'

அவன் பதில் வர வேண்டிய இடம்.

வரவில்லை.

தண்ணீர் அலம்பும் சத்தம். குமிழிகள். காலால் உதைக்கும் சத்தம்.

பக்கத்துத் தறி நின்றது.

முருகேசன் எழப் பார்த்தான். முடியவில்லை. வலது கை தானாக உயர்ந்தது. விரல்கள் வெளுத்து இறுகின. அந்த வளைவுக்குள், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஏதோ மூச்சுக்குத் திணறி ஏறி இறங்கியது.

குழாய்க்குள்ளிருந்து காவேரி பேசினாள்.

"நான் வழுக்கி விழலக்கா. இவரு இன்னும் என் கழுத்துலேர்ந்து கையை எடுக்கல."