கொட்டாமல் நிரப்பிய பேசின்

வசந்தியின் கைக்கட்டைப் பிரித்தபோது சீழ் நாற்றம் வரவில்லை. திராட்சை மணத்தது. ஒரு நாள் கூடுதலாகக் கனிந்து, கூடையின் அடியில் நசுங்கிக் கிடக்கும் திராட்சையின் அந்த இனிப்பு மணம், ஸ்பிரிட் நெடியையும் எழுபத்தெட்டாம் வருஷ வெள்ளத்தில் ஊறிய சுவரின் பூஞ்சை வாடையையும் தாண்டி வந்து சிஸ்டர் அன்னத்தின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கட்டுத் துணியில் நீலமும் பச்சையும் கலந்த கறை.

“மயில்கழுத்துக் கலர்ல புடவைதான் கேட்டேன் சிஸ்டர், புண்ணு கேக்கலை” என்றாள் வசந்தி.

பவானிபூரில் முறுக்குக் கடை வைத்திருப்பவள். எண்ணெய்ச் சட்டி சாய்ந்து வலது கை வெந்ததும், தமிழ் புழங்காத அந்த ஊரில் தமிழ் பேசும் நர்ஸ் இருக்கிறாள் என்று இந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் தேடி வந்தாள். வந்த அன்று புண் சுத்தமாக இருந்தது. பதினோரு நாளில் காய்ச்சல் நூற்று நாலு.

லேபிலிருந்து பட்டாபிராமன் ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தார். புண்ணில் எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி வளர்த்து, மேலே மருந்தில் நனைத்த காகித வட்டுகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால், வட்டைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு தெளிந்த வளையம் தெரியும். ஆறு வட்டுகள். ஒரு வளையம்கூட இல்லை. ஜென்டாமைசின் வட்டின் மேலேயே பச்சை ஏறியிருந்தது.

“நாலு பெட்டுலயும் இதே கிருமிதான் சிஸ்டர். வெளியிலேர்ந்து வந்ததில்லை. நம்ம மருந்தையெல்லாம் பாத்துப் பழகி, நம்மகிட்டயே வளந்தது. எங்கேயோ ஈரத்துல உக்காந்திருக்கு.”

அன்னத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. வார்டு வாசலில் எனாமல் பேசின். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே அவள் கை முக்கி எடுக்கும் கிருமிநாசினித் தண்ணீர். குறையக் குறையக் கொஞ்சம் மருந்தும் நிறையத் தண்ணீரும் ஊற்றி நிரப்புவாள். ஒரு நாளும் கொட்டியதில்லை. எட்டு மாதம். எதையும் வீணாக்காதவள் என்று மேட்ரன் எல்லார் முன்பும் பாராட்டியிருந்தாள். நீர்த்துப்போன மருந்து எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. நோஞ்சான்கள் சாகும், தாங்கியவை பெருகும். மறுநாள் அவற்றிலும் தாங்கியவை. எட்டு மாதமாக அவள் தாங்கும் கிருமியைச் சலித்துச் சலித்து எடுத்திருக்கிறாள்.

“பேசின் தண்ணியை தினம் மாத்தறேளோன்னோ?”

“தினம் கொட்டிக் கழுவித்தான் மாத்துறேன் சார்.”

அவர் நம்பினார்.

அவர் ஜன்னல்களை அடைக்கச் சொன்னார். ட்ராமின் கடகடப்பு அமுங்கியது. புற ஊதா விளக்கை ஏற்றினார். இந்தக் கிருமி கசியவிடும் சாயம் அந்த ஒளி பட்டால் பச்சையாக மின்னும். இருட்டில் வெள்ளை விரிப்புகள் நீலமாய் மிதந்தன.

முதல் கட்டில். புண் ஒளிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது.

அன்னம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை.

நாலாவது. வசந்தியின் கை தோள்வரை பச்சை. விளக்கு மேலே ஏறியது. கழுத்து. முகம்.

நெற்றியில், காலையில் காய்ச்சல் பார்க்க அன்னம் தொட்ட இடத்தில், நாலு விரல் தடங்கள். பச்சையாக.

“ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?” என்றாள் வசந்தி. “பயமா இருக்கு சிஸ்டர். கையைக் குடுங்க.”

தோள்வரை ஒளிர்ந்த அந்தக் கை இருட்டில் எழுந்து, அன்னத்தைத் தேடி விரிந்தது.