வாளியில் மூன்று துணி

வாளியில் மூன்று துணிதான் கிடந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். மூன்றுதான். நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை, மூன்றே மூன்று.

பிள்ளை பிறந்து ஏழு நாள். "அஞ்சாம் நாள்லேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையணும். மலம் மஞ்சளாப் போகணும். குறைஞ்சா யோசிக்காம தூக்கிட்டு வந்துடு" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாமியார் பால் பவுடர் டப்பாவோடு வந்து நின்றாள்.

"எத்தனை?"

"மூணு அத்தை..."

"நான் அப்பவே சொன்னேன்! உனக்குப் பால் ஊறல. உன் பிடிவாதத்துக்குப் பச்சைப் பிள்ளையக் காயப்போடுறியா?"

"குடிக்கிறாளே அத்தை... முழுங்குற சத்தம்கூடக் கேக்குதே..."

"சத்தம் வயித்த நிரப்புமா?"

பகலில் அவள் கண்ணயரும்போது தொட்டில் முன்னறையில் இருக்கும், மாமனாரின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில். விழித்ததும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பாள். துணி காய்ந்தே இருக்கும்.

மாமனாரிடம் கேட்க முடியாது. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவளோடு அவர் ஒரு வருஷமாய் ஒரு சொல் பேசியதில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. மகன் கல்யாணத்துக்கென்று எப்போதோ தைத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போடாமலே பெட்டியில் பூட்டிவிட்டார்.

அவள் பிள்ளையைச் சுற்றி எடுத்தாள். "நர்ஸம்மாகிட்ட எடை பாத்துட்டு வந்துடறேன்." பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எம்பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

வாசலைத் தாண்டும்போது பின்னால் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைக்கும் சத்தம்.

"எத்தனைன்னு சொன்னே?"

அவள் திரும்பவேயில்லை. தன்னிடம்தான் கேட்கிறார் என்று புரியவில்லை.

"உன்னத்தாம்மா."

"மூணு... மாமா."

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அடுக்கை எடுத்து வைத்தார். ஐந்து வெள்ளைத் துணிகள். அலசி, இஸ்திரி போட்டு, முனைக்கு முனை மடித்தவை. ஒன்றின் ஓரத்தில் பொத்தான் துளைகள்.

"நேத்து இத்தனையும் நனைச்சா. ரெண்டு தடவை மஞ்சளாவும் போனா. நீ அசந்து தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரல. நானே மாத்திட்டேன்." தலை குனிந்துகொண்டார். "ஈரத்துணி கிடந்தா எனக்குக் கை சும்மா இருக்காது..."

மாமியார் அந்தத் துளைகளைப் பார்த்தாள். "இது... அந்தச் சட்டையா?"

"வேற மெத்துன்னு எதுவும் இல்ல."

அவள் அழுதாள். கதறி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "இருந்தாலும் எடை பாத்துடலாம் மாமா."

"வா. நான் தூக்கிக்கறேன்."

மாமியாரும் கூடவே வந்தாள். நர்ஸ் தராசைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போன அன்னிக்கு இருந்ததவிட நூத்தியிருபது கிராம் கூட. நல்லாக் குடிக்கிறா. பால் தாராளமா இருக்கு."

மாமியார் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பயத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்டி... மன்னிச்சுடு." வீட்டுக்கு வந்ததும் டப்பாவை உயரமான அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை வாளியில் எட்டுத் துணி கிடந்தது. அதில் நான்கு, ஈரத்தோடேயே மடிக்கப்பட்டிருந்தது.